ஓய்வில் பொய் சொல்லும் இதயம்!

லண்டன். 1793, அக்டோபர் 16.

செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் நிர்வாகக் கூட்டம். இரண்டு மாணவர்களைச் சேர்ப்பதா, வேண்டாமா என்று ஒரு சாதாரண விஷயம்தான். ஆனால், காரசாரமான விவாதமாகிவிட்டது. அந்த மாணவர்களுக்காகப் பேச எழுந்தவர் ஜான் ஹன்டர். 65 வயது. அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகப் பெரிய சர்ஜன்களில் ஒருவர். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சக டாக்டர் ஒருவர் குறுக்கிட்டு அவர் சொன்னதை மறுத்தார். ஹன்டருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த அறைக்குள் போனார். உள்ளே இருந்து ஒரு முனகல். அங்கிருந்த டாக்டர் ஒருவரின் கைகளில் அப்படியே சரிந்து விழுந்தார். உயிர் போய்விட்டது.

இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? இப்படித்தான் சாவோம் என்று ஹன்டருக்கு முன்பே தெரியும்! எந்த அயோக்கியனாவது என்னைச் சீண்டிக் கோபப்படுத்தினால் போதும், என் உயிர் அவன் கையில்தான் என்று நண்பர்களிடம் சொல்லி வந்தவர் அவர். பல வருஷங்களாக அவருக்கு நெஞ்சுவலி. 1773-ல் வந்த முதல் தாக்குதலின்போது நாடியைத் தொட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தார், பிணத்தின் முகம் தெரிந்தது! முக்கால் மணி நேரம் கழித்து எல்லாம் சரியாகிவிட்டது. வலி இல்லாத நாட்களில் மனிதர் ஆபரேஷன் செய்தார், பாடம் நடத்தினார், விடியும் முன்பே எழுந்து விலங்குகளை அறுத்து ஆராய்ச்சி செய்தார். பார்த்தவர்கள் 'இவருக்கென்ன குறை' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த வட்டத்திலேயே ஒருவராவது இப்படி இருப்பார். "போன வாரம்தான் ஈ.சி.ஜி. எடுத்தாங்க, நார்மல்னு சொன்னாங்க... இன்னிக்கு மாடிப்படி ஏறும்போது..." என்று பாதியில் நிற்கும் வாக்கியத்தை எத்தனை துக்க வீடுகளில் கேட்டிருப்போம்? டாக்டரைத் திட்டுவோம், மெஷினைத் திட்டுவோம். ஆனால், பல நேரம் மெஷின் பொய் சொல்வதில்லை. படுத்திருந்த இதயம்தான் பொய் சொல்லியிருக்கும்! ஓய்வில் இருக்கும் இதயத்திடம் உண்மையை வரவழைக்க முடியாது என்பதைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் பிடித்தது. அந்தக் கதைதான் இது.

ஹன்டர் காலத்திலேயே ஒருவர் விஷயத்தின் வாலைப் பிடித்துவிட்டார். அவர் பெயர் டாக்டர் வில்லியம் ஹெபர்டன். 1768-ல் லண்டன் மருத்துவர்கள் சபையில் அவர் ஒரு கட்டுரை படித்தார். சிலருக்கு நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, சாப்பிட்டவுடன் நடக்கும்போது, நெஞ்சைப் பிடித்து நெரிப்பது போல ஒரு வலி வருகிறது, நின்றவுடன் போய்விடுகிறது. இதற்கு 'ஆஞ்ஜைனா பெக்டோரிஸ்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். இன்றைக்கும் டாக்டர் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "நடந்தா வலிக்குதா, நின்னா போயிடுதா?" என்பதுதானே? ஹெபர்டன் கேட்ட அதே கேள்வி! ஆனால், எதனால் அந்த வலி வருகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர், ஹன்டர் வீட்டிலேயே தங்கிப் படித்த மாணவர். பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவீர்கள். எட்வர்ட் ஜென்னர்! ஆமாம், பெரியம்மைத் தடுப்பூசியைக் கண்டுபிடித்த அதே ஜென்னர்தான். நெஞ்சுவலியால் இறந்த ஒருவரின் இதயத்தை அவர் அறுத்துக்கொண்டிருந்தபோது கத்தி எதிலோ 'கரக்'கென்று இடித்தது. ஜென்னர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பழைய கட்டடம், காரை உதிர்ந்து விழுந்துவிட்டதோ என்று சந்தேகம்! அப்புறம் குனிந்து பார்த்தால், இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் 'கரோனரி' குழாய்கள் எலும்பு மாதிரி இறுகிக் கிடந்தன.

அந்த நிமிடமே ஜென்னருக்கு இன்னொன்றும் புரிந்துவிட்டது. தன் ஆசான் ஹன்டருக்கும் இதே வியாதிதான்! இதை ஊரறிய எழுதினால் ஹன்டர் படிப்பார். மருந்தில்லாத வியாதி உங்களுக்கு வந்திருக்கிறது என்று குருவுக்கு எப்படிச் சொல்வது? 1778-ல் ஹெபர்டனுக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் தயக்கத்தை அவரே சொல்கிறார். எனவே வாயைத் திறக்கவில்லை. பதினைந்து வருஷம் கழித்து ஹன்டரின் உடலை அறுத்துப் பார்த்தபோது, அவருடைய கரோனரி குழாய்களும் அப்படியே இறுகியிருந்தன. மாணவனின் அந்த மௌனம் சரியா, தப்பா? எனக்கு ஜென்னரைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

சரி, செத்தபிறகு அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்? உயிரோடு இருப்பவரின் இதயத்துக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமே! 1895-ல் எக்ஸ்ரே வந்தது. எலும்பு தெரிந்தது, இதயத்தின் நிழல் தெரிந்தது. ரத்தம் தெரியவில்லை.

முதல் தந்திரம் 1920-களில் பாஸ்டன் நகரில் அரங்கேறியது. ஹெர்மன் பிளம்கார்ட் என்ற இளம் டாக்டர், ரேடியத்திலிருந்து கிடைக்கும் 'ரேடியம் சி' என்ற கதிரியக்கப் பொருளைத் துளியூண்டு எடுத்து உப்புத் தண்ணீரில் கலந்து ஒரு கையில் ஊசி போட்டார். இன்னொரு கைக்குப் பக்கத்தில் கதிர்வீச்சைக் காட்டிக்கொடுக்கும் கருவி. இந்தக் கையில் ஏற்றியது இதயத்தின் வலப்பக்கம் போய், நுரையீரல் போய், இடப்பக்கம் திரும்பி, அந்தக் கைக்கு வந்து சேர எவ்வளவு நேரம்? ஆரோக்கியமானவர்களுக்குச் சராசரியாக 18 விநாடி! இதயம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் அதிகம். படம் ஒன்றும் கிடையாது, வெறும் நேரக் கணக்குதான். ஆனால், ரத்தத்துக்கு 'அடையாளம்' கட்டி அனுப்பிவிட்டு, அது எங்கே போகிறது என்று வெளியே நின்று வேவு பார்க்கும் யோசனை இதுதான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரப்போகிறது.

இரண்டாவது ஆள் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமானவர். 1929, ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற சிற்றூர் மருத்துவமனை. வெர்னர் ஃபார்ஸ்மன், 25 வயது பயிற்சி டாக்டர். கை ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய ரப்பர் குழாயை விட்டால் இதயம் வரைக்கும் போகலாமே என்று அவருக்கு ஒரு எண்ணம். தலைமை டாக்டர் 'கூடவே கூடாது' என்று சொல்லிவிட்டார். இதயத்தைத் தொட்டால் சாவுதான் என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால், கருவிகள் எல்லாம் நர்ஸ் கெர்டா டிட்சன் பொறுப்பில் பூட்டியிருந்தன. ஃபார்ஸ்மன் அவரிடம் நைச்சியமாகப் பேசினார். நர்ஸ் ஒரு நிபந்தனை போட்டார்... "செய்வதானால் என் மேல் செய்யுங்கள்!" என்ன தைரியம் பாருங்கள்.

ஃபார்ஸ்மன் ஒப்புக்கொண்டார். நர்ஸை மேஜையில் படுக்க வைத்துக் கையையும் காலையும் கட்டினார். கையில் மருந்து தடவுவது மாதிரி பாவனை செய்துகொண்டே, அந்தப் பக்கம் திரும்பித் தன் இடது கையைக் கீறி, குழாயைத் தனக்கே ஏற்றிக்கொண்டார்! விஷயம் தெரிந்ததும் நர்ஸுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்திருக்கும். கட்டை அவிழ்த்துவிட்ட பிறகு இருவரும் எக்ஸ்ரே அறைக்குப் படியிறங்கிப் போனார்கள், குழாய் கைக்குள் இருக்கும்போதே! அங்கே நர்ஸ் எதிரே கண்ணாடியைப் பிடிக்க, திரையில் தன் உள்ளே நகரும் குழாயைப் பார்த்துக்கொண்டே தள்ளினார் ஃபார்ஸ்மன். 65 சென்டிமீட்டர் போனதும் நுனி இதயத்தின் வலது அறைக்குள் நின்றது. படம் எடுத்துக்கொண்டார்.

பாராட்டு? கிடைத்தது வசவுதான். பெர்லினில் பெரிய பேராசிரியர் ஒருவர், இந்த மாதிரி வித்தையெல்லாம் சர்க்கஸுக்குத்தான் லாயக்கு என்று சொல்லித் துரத்தியதாகச் சொல்வார்கள். ஃபார்ஸ்மன் இதயத்தை விட்டுவிட்டுச் சிறுநீரக டாக்டராகிவிட்டார். நடுவில் நாஜி கட்சியிலும் சேர்ந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். வீரதீரக் கதை எழுதுகிறவர்கள் சாமர்த்தியமாக விட்டுவிடும் வரி அது. 1956-ல் ஃபார்ஸ்மனுக்கும், அவர் வழியில் போய் இதயத்தை அளந்த நியூயார்க் டாக்டர்கள் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. நர்ஸ் கெர்டாவுக்கு எதுவும் இல்லை.

ஆனாலும் ஒரு கதவு பூட்டியே இருந்தது. இதயத்தின் அறைகளுக்குள் குழாய் போகலாம்; இதயத்துக்கே சாப்பாடு போடும் கரோனரி குழாய்களுக்குள் மட்டும் சாயத்தைப் பீய்ச்சக் கூடாது, பீய்ச்சினால் இதயம் நின்றுவிடும் என்று எல்லா டாக்டர்களும் சத்தியமே செய்யத் தயாராக இருந்தார்கள்.

1958, அக்டோபர் 30. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக். டாக்டர் மேசன் சோன்ஸ் மேஜைக்கு அடியில் வெட்டியிருந்த பள்ளத்தில் இருந்துகொண்டு எக்ஸ்ரே திரையைப் பார்க்கிறார். மேலே 26 வயது இளைஞர் படுத்திருக்கிறார். ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வைப் படமெடுக்கப் பெருந்தமனிக்குள் சாயம் செலுத்துவதாகத் திட்டம். உதவி டாக்டர் சாயத்தை அழுத்தினார். அந்த ஒரு கணத்தில் குழாயின் நுனி துள்ளி வலது கரோனரியின் வாய்க்குள் புகுந்துவிட்டது! திரையில் மரக்கிளை மாதிரி அந்தக் குழாய் முழுக்கப் பளிச்சென்று தெரிகிறது. சோன்ஸுக்கு ரத்தம் உறைந்துபோனது. "கொன்னுட்டோம்!" என்று கத்திக்கொண்டே பள்ளத்திலிருந்து ஏறி ஓடிவந்தார். மானிட்டரில் நேர்க்கோடு. நெஞ்சைத் திறக்கக் கத்தியைத் தேடினார்...

சட்டென்று ஒரு யோசனை. "இருமு! இருமு!" என்று அலறினார். நல்லவேளையாக இளைஞருக்கு இன்னும் நினைவு போகவில்லை. மூன்று நாலு தடவை பலமாக இருமினார். இருமிய அழுத்தத்தில் சாயம் வெளியேற, இதயம் மறுபடி துடிக்க ஆரம்பித்தது.

வேறொரு ஆளாக இருந்தால் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு விஷயத்தை மறந்திருப்பார். சோன்ஸ் வேறு மாதிரி யோசித்தார். இவ்வளவு சாயம் போயும் பிழைத்திருக்கிறான் என்றால், கொஞ்சமாக, வேண்டுமென்றே போட்டால்? இன்று நாம் காபி சாப்பிடப் போகிற மாதிரி, "நாளைக்கு ஆஞ்சியோ" என்கிறோமே, அந்த ஆஞ்சியோகிராம் பிறந்தது இந்த விபத்திலிருந்துதான். சோன்ஸ் ஓயாமல் சிகரெட் ஊதுபவர். கையுறை கெட்டுவிடக் கூடாது என்று இடுக்கியால் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு புகைப்பாராம்! உலகத்துக்கே இதயக்குழாயைக் காட்டிக்கொடுத்தவர், 1985-ல் நுரையீரல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார்.

'அப்பாடா, உண்மை தெரிந்துவிட்டது' என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இங்கேதான் கதையில் ஒரு திருப்பம்.

ஆஞ்சியோவில் தெரிவது என்ன? குழாயின் நிழல். ஓடும் ரத்தத்தின் அளவு அல்ல. அதுவும் நோயாளி மேஜையில் அசையாமல் படுத்திருக்கும்போது எடுத்த நிழல். ஹெபர்டன் சொன்னதைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். நடக்கும்போதுதான் வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது!

இரவு மூணு மணிக்கு உங்கள் ஊரின் பெரிய சாலையில் போயிருக்கிறீர்களா? பாதிச் சாலையைத் தோண்டிப் போட்டிருப்பார்கள். ஆனாலும் வண்டி நிற்காமல் போகும். 'இந்தப் பள்ளத்தால் ஒரு பாதிப்பும் இல்லை' என்று சான்றிதழே கொடுத்துவிடலாம். காலை ஒன்பது மணிக்கு அதே இடத்துக்கு வந்து பாருங்கள், தெரியும் சேதி.

இதயத்துக்கும் அதேதான். உடம்பு ஓய்வில் இருக்கும்போது இதயத்தசைக்கு நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் ரத்தம் போதும். ஓடினால், மூட்டை தூக்கினால் மூன்று நாலு மடங்கு வேண்டும். இதில் இன்னொரு சங்கடம். கை கால் தசைகளுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றால், வருகிற ரத்தத்திலிருந்தே கொஞ்சம் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். இதயத்தசை ஓய்வில் இருக்கும்போதே முக்கால்வாசியை உறிஞ்சிவிடுகிறது. சேமிப்பே இல்லாத குடும்பம்! அதிகம் வேண்டுமென்றால் அதிக ரத்தம் வந்தே தீர வேண்டும், வேறு வழி கிடையாது.

இதை அளந்து காட்டியவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்த லான்ஸ் கோல்ட். 1974-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாய்களின் கரோனரி குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே ரத்த ஓட்டத்தை அளந்தார். குழாயின் விட்டத்தில் 50 சதவிகிதம் அடைத்தார். ஓய்வு நேர ரத்த ஓட்டம் குறையவே இல்லை. 70 சதவிகிதம்... அப்போதும் குறையவில்லை! 85 சதவிகிதம் வரைக்கும் இறுக்கிய பிறகுதான் ஓய்வில் ஓட்டம் குறைய ஆரம்பித்தது. அடைப்புக்குக் கீழே இருக்கும் நுண்குழாய்கள் தங்களை விரித்துக்கொண்டு எப்படியோ சமாளித்துவிடுகின்றன. ஆனால், ரத்த ஓட்டத்தை உச்சத்துக்கு முடுக்கிவிட்டு அளந்தபோது குட்டு உடைந்தது. 30, 45 சதவிகித அடைப்பிலேயே குறைய ஆரம்பித்துவிட்டது.

ஆக, இதயத்திடம் உண்மையைக் கேட்க வேண்டுமானால் அதை வேலை வாங்க வேண்டும். வேலை வாங்கும் சங்கதி கோல்டுக்கு முன்பே இருந்தது. 1929-லேயே நியூயார்க்கில் ஆர்தர் மாஸ்டர் என்ற டாக்டர், நோயாளிகளை இரண்டே இரண்டு படிகளில் ஏறி இறங்க வைத்துப் பரிசோதித்தார். அப்புறம் வந்தது டிரெட்மில். ஒரு சின்ன கிளைக்கதை... 'டிரெட்மில்' என்ற பெயர் ஜெயிலில் பிறந்தது! 1818-ல் வில்லியம் கியூபிட் என்ற இன்ஜினீயர், கைதிகள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று படிகள் வைத்த ராட்சத உருளையை வடிவமைத்தார். நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கேயும் போய்ச் சேர முடியாது. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1895-ல் ஜெயிலில் இதில் ஏறி அவதிப்பட்டார். அந்தப் பெயர் இன்று பரிசோதனைக் கூடத்தில், நாம் காசு கொடுத்து ஏறுகிற இயந்திரத்துக்கு!

அதே சியாட்டிலைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் என்ற டாக்டர், 1963-ல் அதற்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். நெஞ்சில் ஒட்டிய ஒயர்களில் ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டு பீரோவில் 'டி.எம்.டி.' ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள், 'புரூஸ் புரோட்டோகால்' என்று அச்சடித்திருக்க வாய்ப்பு அதிகம். நானும் ஏறியிருக்கிறேன். மூன்றாவது கட்டத்தில், "இன்னும் கொஞ்சம் சார்... இன்னும் கொஞ்சம்" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தபோது, கியூபிட்டின் கைதிகள் மேல் எனக்கு அளவில்லாத பாசம் வந்தது.

ஆனால், ஈ.சி.ஜி. காட்டுவது இதயத்தின் மின்சாரப் புலம்பலைத்தான். எந்த இடத்தில் ரத்தம் போகவில்லை என்று படமாகக் காட்டாது. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே பிளம்கார்ட், அவர் இப்போது திரும்பி வருகிறார்.

கலிஃபோர்னியாவில் டிராவிஸ் என்ற விமானப்படைத் தளம். அங்கே ராணுவ சேவையில் இருந்த இரண்டு இளம் டாக்டர்கள், பாரி ஸாரெட்டும் வில்லியம் ஸ்ட்ராஸும். இதயத்தசையின் செல்கள் பொட்டாசியத்தை ஆவலோடு இழுத்துக்கொள்ளும். எனவே கதிரியக்கப் பொட்டாசியத்தை ரத்தத்தில் ஏற்றினால், ரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் தசை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவர்கள் செய்த புதுமை, ஊசி போட்ட நேரம்தான். நோயாளியை உடற்பயிற்சி செய்ய வைத்து, இதயம் திணறும் உச்சக்கட்டத்தில் ஊசி போட்டார்கள்! அப்புறம் ஆற அமரப் படுக்க வைத்து ஸ்கேன் செய்யலாம். அந்தத் திணறல் கணத்தில் ரத்தம் எங்கே போனது, எங்கே போகவில்லை என்பது தசையில் அப்படியே 'உறைந்து' நிற்கும். ஓய்வில் எடுத்த படத்தில் இதயம் முழுசாக இருந்தது. உழைப்பில் எடுத்த படத்தில் ஒரு பக்கம் ஓட்டை! 1973-ல் அந்தப் படங்கள் வெளியானபோது, ஹெபர்டன் வார்த்தையில் எழுதியதை உலகம் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தது.

பொட்டாசியத்தின் கதிர்கள் அன்றைய கேமராக்களுக்கு ஒத்துவரவில்லை. எனவே, அதே குணம் கொண்ட தாலியம் வந்தது. அட, எலி பாஷாணத்தில் இருந்த தாலியமேதான்! பயப்பட வேண்டாம், ஸ்கேனுக்குப் போடுவது எலிக்கு ஏப்பம்கூட வராத அளவு. அது உடம்பை விட்டுப் போகச் சில நாட்கள் ஆகும். ஸ்கேன் முடித்த கையோடு வெள்ளை மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போய், பாதுகாப்பு அலாரத்தை அலறவிட்டவர்களைப் பற்றி 1986-ல் அமெரிக்க டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

1990-க்குப் பிறகு டெக்னீஷியம் கலந்த மருந்து அந்த இடத்தைப் பிடித்தது. ஆறு மணி நேரத்தில் வீரியம் பாதியாகிவிடும் என்பதால் கடையில் வாங்கி வைக்க முடியாது. மாலிப்டினம் அடைத்த ஒரு சின்னக் கருவியிலிருந்து தினமும் காலையில் டெக்னீஷியத்தை வடித்துக்கொள்வார்கள். அந்தக் கருவிக்கு உலகம் முழுக்க லேப் ஆட்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் என்ன தெரியுமா? பசு! வடிப்பதற்குப் பெயர், பால் கறப்பது!

முட்டிவலிக்காரர்கள், நடக்க முடியாத பெரியவர்கள் என்ன செய்வது? அதற்கும் லான்ஸ் கோல்ட் 1970-களிலேயே வழி சொன்னார். இதயக்குழாய்களை விரிய வைக்கும் மருந்தை ஏற்றினால், படுத்தபடியே ரத்த ஓட்டம் உச்சத்துக்குப் போகும். நல்ல குழாய் விரியும். அடைப்புள்ள குழாயோ ஏற்கெனவே முடிந்தவரை விரிந்து சமாளித்துக்கொண்டிருக்கிறது, அதனால் மேலும் விரிய முடியாது. படத்தில் வித்தியாசம் பளிச். இந்தப் பரிசோதனைக்கு முந்தின நாளிலிருந்தே காபி, டீ கூடாது என்பார்கள். காபியில் இருக்கும் கஃபீன் அந்த மருந்தின் வேலையை அப்படியே மறித்துவிடும். 'ஒரு வாய்தானே' என்று காலையில் ஃபில்டர் காபியைக் குடித்துவிட்டுப் போகிறவர்கள், தெரியாமலேயே தங்கள் இதயம் பொய் சொல்லத் துணை போகிறார்கள்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் சூட்சுமம். உழைப்பில் ஓட்டை, ஓய்வில் ஓட்டை இல்லை என்றால் தசை உயிரோடு இருக்கிறது, ரத்தம்தான் போதவில்லை. இரண்டிலும் ஓட்டை என்றால் அங்கே பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு. இன்று எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் என்று எத்தனையோ வந்துவிட்டாலும் கேள்வி அதேதான்... ஓய்வில் எப்படி, உழைப்பில் எப்படி?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். சோன்ஸ் கொடுத்த நிழல்படத்தில் ஒரு மயக்கம் இருக்கிறது. அடைப்பைக் கண்ணால் பார்த்ததும் கை தானாக ஸ்டென்ட்டைத் தேடும். இதய டாக்டர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்ளும் விஷயம் இது. மாரடைப்பு வந்து துடிக்கிறவருக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால், நடந்தால் மட்டும் வலிக்கிற, நிதானமான நிலையில் இருப்பவர்கள்? 37 நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. நம் நாட்டு நோயாளிகளும் அதில் உண்டு. உடனே ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று போனவர்களுக்கும், முதலில் நல்ல மருந்துகளோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வலி அடிக்கடி வந்தவர்களுக்கு ஸ்டென்ட் வலியைக் குறைத்தது, அது நிஜம். "இன்னிக்கே வைக்கலேன்னா ஆபத்து" என்று யாராவது அவசரப்படுத்தினால், "ஸ்ட்ரெஸ் படத்தில் என்ன தெரிஞ்சுது டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. மரியாதையாகவே கேட்கலாம். இன்னொரு பக்கம், ஸ்ட்ரெஸ் படம் நன்றாக வந்துவிட்டால் அது ஆயுள் பத்திரமும் அல்ல. சின்ன அடைப்புகூட ஒருநாள் வெடித்து, ரத்தம் உறைந்து, குழாயை மூடிவிடலாம்.

கடைசியாக மறுபடி லண்டனுக்குப் போவோம். ஹன்டரைக் கொன்றது மாடிப்படி அல்ல, கோபம். மனசின் கொதிப்பு இதயத்து ரத்தத்தைக் குறைக்குமா? அதைப் படம் பிடிக்க முடியுமா?

1984. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனை. ஜான் டீன்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் நெஞ்சுவலி உள்ள 16 பேரை ஒவ்வொருவராக ஸ்கேனருக்குள் படுக்க வைத்தார்கள். ரத்தத்தில் ருபிடியம். 75 விநாடியில் வீரியம் பாதியாகிவிடும் பொருள், அதனால் அடுத்தடுத்துப் படம் எடுக்கலாம்.  மனக்கணக்குப் போடச் சொன்னார்கள்! 16 பேரில் 12 பேருக்கு இதயத்தின் ஒரு பகுதியில் ரத்தம் குறைவது திரையில் தெரிந்தது. அதில் பலருக்கு வலியே வரவில்லை. தங்களுக்குள் இப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்பதே தெரியாமல் கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள்.

கணக்கை நிறுத்தியதும், சில நிமிடங்களில் அந்த இடத்துக்கு ரத்தம் திரும்பி வந்துவிட்டது. அன்றைக்குப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போன ஜான் ஹன்டருக்குக் கிடைக்காமல் போனது அந்தச் சில நிமிடங்கள்தான்.